இழுக்கச் சொன்ன கைகள்

காஸ் என்கிற காஸிமிர் துதெக்கின் வேலையில் வாய்க்கு இடமில்லை. பஃபலோ நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில், மாலை ஆறு மணிச் செய்தி நேரத்தில், கேமராவுக்குப் பக்கத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்பான். மேலே கண்ணாடி அறையில் இருக்கும் இயக்குநர் சொல்வது அவன் காதில் மட்டும் விழும். அதை அவன் கையால் சொல்ல வேண்டும். விரல் கழுத்துக்குக் குறுக்கே போனால் அறுத்துவிடு, முடித்துக்கொள். இரண்டு கைகளையும் சேர்த்துவைத்து, சூடான மிட்டாய்ப் பாகை இழுப்பதுபோல் மெல்ல விரித்தால், நேரம் இருக்கிறது, பேச்சை இழு.

கேமரா முன்னால் இருப்பவருக்குத் தன் முகம் தெரியாது. பேசுவது நன்றாகப் போகிறதா, நாறுகிறதா என்பதும் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் அந்தக் கைதான். அதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒருமுறை மேயர் தன் வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோனார். காஸின் விரல் கழுத்தைத் தொட்டதுதான் காரணம்.

அவன் அப்பா லாக்கவானா இரும்பாலையில் வேலை பார்த்தவர். பதினெட்டு வயதில் காஸ் அங்கே மூன்று நாள் போனான்; நான்காம் நாள் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். கொரியாவிலிருந்து திரும்பி வந்து, நிலையத்தில் பலகைகளுக்கு ஆணி அடிக்கும் வேலையில் சேர்ந்தான். கேமரா பக்கத்தில் நிற்க வேண்டியவன் ஒருநாள் குடித்துவிட்டு வந்ததால் காஸை நிற்கவைத்தார்கள். பிறகு அவனை யாரும் நகரச் சொல்லவில்லை. அவன் தெருவில் தொலைக்காட்சிக்காரன் அவன் ஒருவன்தான்.

"காஸ், இந்த வாரம் பனிய கொஞ்சம் நிறுத்தச் சொல்லுய்யா உன் சிநேகிதன்கிட்ட. மண்வெட்டி பிடிச்சுப் பிடிச்சு முதுகு போச்சு" என்பார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

சிநேகிதன் என்பது ஓரின் டட்டில். வானிலை சொல்பவர். ஈரி ஏரியின் படத்தில் கறுப்பு மைப்பேனாவால் காற்றை அம்புகளாக வரைந்து, ஒவ்வோர் அம்புக்கும் ஒரு மட்டமான ஜோக் சொல்வார். பதினேழு வருடம் காஸின் கையைப் பார்த்துப் பேசியவர். 1974 அக்டோபரில் அவர் மனைவி மேரியன் புற்றுநோயில் இறந்துபோனாள். இரண்டு வாரத்தில் ஓரின் வேலைக்குத் திரும்பினார். அம்புகள் வந்தன, ஜோக்குகள் வரவில்லை. டிசம்பரில் ஒருநாள் ஏரியின் முன்னால் பேனாவைத் தூக்கியபடி ஒன்பது வினாடி பேசாமல் நின்றார்.

ஜனவரியில், கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடிமேல் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"காஸ், ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"நீ ஜோக் சொன்னப்பவே நான் சிரிச்சதில்ல."

"பேசிக்கிட்டே இருக்கறப்ப எங்கயோ போயிடறேன்டா. போறதே எனக்குத் தெரியல. தங்கச்சி ஜாய்ஸ் போன் பண்ணிக் கேட்டாதான் தெரியுது. அந்த மாதிரி போனேன்னா நீ அறுத்துடு."

"டைரக்டர் மார்ட்டி சொல்லணுமே."

"மார்ட்டி சொல்றது எனக்கு எங்க கேக்குது? உன் கைதான் தெரியுது. ஊர் முன்னால அழுது வைக்கக் கூடாது. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"சரி. அறுத்துடறேன்."

ஓரின் கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தார். அந்தக் குளிரில் யாரும் கையுறையைக் கழற்றமாட்டார்கள்.

பிப்ரவரி நிலையத்துக்குப் பரீட்சை மாதம். ஊரில் சில நூறு வீடுகளுக்குச் சிறிய புத்தகம் ஒன்று வரும். எந்த நேரத்தில் எந்த நிலையத்தைப் பார்த்தோம் என்று அவர்கள் எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் விளம்பரம் வரும். இவர்கள் நிலையம் மூன்றாவது இடத்தில் இருந்தது. "நாலாவது ஸ்டேஷன் ஒண்ணு இல்லாததால மூணாவது" என்பான் மார்ட்டி கோர்ன். அவன்தான் இயக்குநர். முப்பத்தோரு வயது. கெட்டவன் இல்லை, தூங்காதவன்.

பிப்ரவரியின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஓரின் வடக்கிலிருந்து ஓர் அம்பு வரைந்தார். நாளைக் காலை கடுங்குளிர், கழுத்தை மூடாமல் வெளியே போகாதீர்கள் என்றார். பிறகு பேனாவைத் தாழ்த்தினார்.

"மேரியனோட பச்சை கோட்டு இன்னும் வாசக்கதவுகிட்டதான் தொங்குது. தினமும் காலைல அதோட பாக்கெட்டுல கைய விட்டுப் பாக்கறேன், கையுறைய எடுத்துக்கிட்டாளான்னு. எடுத்துக்கல..."

குரல் உடைந்தது. காஸின் வலது கை தானாக எழுந்தது. விரல் சட்டைக் காலர்வரை போய்விட்டது.

"அறுக்காதே!" என்று மார்ட்டி காதில் கத்தினான். "போன் லைட் எல்லாம் எரியுதுப்பா, ஊரே கூப்பிடுது. கேமரா ரெண்டு, கிட்டப் போ. காஸ், இழு. இழு!"

இரண்டு வினாடி இருந்திருக்கும். அந்த இரண்டு வினாடியில் தனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதைப் பிற்பாடு காஸால் மறுக்க முடியவில்லை. பழக்கத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முயன்றான். பழக்கத்துக்கு இரண்டு வினாடி தேவைப்படாது.

அவன் கை கீழே இறங்கியது. மற்றக் கையோடு சேர்ந்தது. விரிந்தது.

ஓரின் பார்த்தார். தலையை லேசாக ஆட்டிவிட்டு மேலே பேசினார். நான்கு நிமிடம். விளையாட்டுச் செய்தி அன்று கிடையாது. கடைசியில் படத்தின்மேல் நெற்றியை வைத்து அழுதார். ஏரியின் மை அவர் நெற்றியில் ஒட்டியது.

நிகழ்ச்சி முடிந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு காஸிடம் வந்தார்.

"ரொம்ப இழுத்துட்டேனோ?"

"இல்ல. சரியா இருந்தது."

மறுநாளே நிலையத் தலைவர் ஒரு நாற்காலியும் மேசை விளக்கும் போடச் சொன்னார். வானிலைக்குப் பிறகு ஓரினுக்குத் தினமும் ஐந்து நிமிடம். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன, கையுறைகள்கூட வந்தன. அவருக்குப் பேச்சு வராத நாட்களில் அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு சொல் எழுதிக் காட்டச் சொன்னான் மார்ட்டி. அட்டையைப் பிடிப்பது காஸின் வேலை. பச்சை கோட்டு என்று ஒருநாள். தேனிலவு என்று ஒருநாள். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அவனிடம் வந்த அட்டையில், ஆஸ்பத்திரி என்று இருந்தது. காஸ் அதைத் தலைகீழாகப் பிடித்தான்.

"காஸ், அட்டைய நேராப் பிடி. உனக்கு என்ன வந்துச்சு?" என்றது காது.

நேராகப் பிடித்தான்.

வீட்டில் அவன் மனைவி பெர்னிஸ் சமையலறையில் முட்டைக்கோஸ் வேகவைத்துக்கொண்டே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தாள். அவன் உள்ளே நுழைந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"அந்த மனுஷன் அப்படி அழறான். அங்க ஒருத்தருக்கும் நிறுத்தத் தோணலையா?"

"மார்ட்டி இழுக்கச் சொல்றான்."

"கை யாரோடது?"

அவன் கோட்டைக் கழற்றி மாட்டினான்.

"நீ ஏன் பாக்கற? அணைச்சிட வேண்டியதுதானே" என்றான்.

பெர்னிஸ் மறுவாரமும் பார்த்தாள்.

மார்ச் மாதம் கணக்கு வந்தது. முதலிடம். ஸ்டூடியோவில் கேக் வெட்டினார்கள். ஓரினைத் தோளில் தட்டினார்கள். மார்ட்டி ஒரு துண்டை எடுத்துவந்து காஸ் கையில் கொடுத்து, "அன்னிக்கு நீ மட்டும் அறுத்திருந்தா..." என்று சிரித்தான். காஸ் அதைத் தின்றான். நன்றாகவே இருந்தது.

மே மாதத்துக்குள் ஊருக்கு அலுத்துவிட்டது. மதுக்கடைகளில் ஓரின் அழுவதைப்போல் நடித்துக் காட்டினார்கள். நாற்காலியையும் விளக்கையும் பொருளறைக்குக் கொண்டுபோனது காஸ்தான். ஓரினை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவர் இடத்தில் காந்தத்தில் ஒட்டும் சூரியன்களோடு ஓர் இளைஞன் வந்தான்.

ஜூனில் காஸ் அவர் வீட்டுக்குப் போனான். சொல்ல வேண்டியதை வழி முழுக்கக் காருக்குள் உரக்கச் சொல்லிப் பார்த்திருந்தான். ஓரின் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். பீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஜாய்ஸ் பேசறதே இல்ல காஸ். மேரியன தெருவுல இழுத்து விட்டுட்டேனாம். ராத்திரில எனக்கும் அப்படித்தான் தோணும். அப்புறம் சமாதானம் பண்ணிக்குவேன். காஸ் அங்க நின்னான்ல? அசிங்கமாப் போயிருந்தா அறுத்திருப்பான், வாக்குக் குடுத்தவன்னு."

காஸ் குவளையையே பார்த்தான்.

"அறுத்திருப்பல்ல?"

"அறுத்திருப்பேன்" என்றான் காஸ். "நல்லாத்தான் பேசின."

ஓரினின் தோள்கள் தளர்ந்தன. நீண்ட நாளைக்குப் பிறகு அன்று ஒரு ஜோக் சொன்னார். மட்டமான ஜோக். காஸ் சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு ஜாய்ஸக் கெஞ்சிக் கூப்பிட்டிருக்கேன், வர்றா. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிடு. நான் சொன்னா நம்பமாட்டா."

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து நேராக, கோட்டும் டையுமாகக் காஸ் போனான். அவன் பேசிப் பழகியவன் இல்லை. இருந்தும் சொன்னான். அவர் கௌரவமாகத்தான் பேசினார் என்றான். மோசமாகப் போயிருந்தால் நிறுத்தியிருப்பேன், அது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு என்றான். ஜாய்ஸ் உயரமான பெண், பள்ளி ஆசிரியை. குறுக்கே பேசாமல் கேட்டாள். எழுந்துபோய் அண்ணன் தலையில் கை வைத்தாள்.

காஸ் கிளம்பியபோது கார்வரை கூட வந்தாள்.

"பொய்தானே?"

"ஆமா."

"வாக்குக் குடுத்தது?"

"அது நெஜம்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஓரின் தட்டுகளை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

"அவர்கிட்ட என்னிக்கும் சொல்லிடாதீங்க. அவருக்கு அந்த நம்பிக்கை ஒண்ணுதான் மிச்சம்" என்றாள். "ஆனா இனிமே இங்க வராதீங்க."

காஸ் தலையாட்டினான். ஓரின் இன்னும் ஆறு வருடம் உயிரோடு இருந்தார். ஏன் வருவதில்லை என்று போனில் கேட்கும்போதெல்லாம், வேலை அதிகம் என்று சொன்னான் காஸ்.