கோவிந்தராசு அண்ணன் கொட்டாத பெட்ரோல்

கோவிந்தராசு அண்ணன் போய்விட்டார்... இன்று காலை, பெரம்பலூரில், மகன் வீட்டில்.

நூறை எட்டிப் பிடிக்கிற வயசு. எனக்கு அவரைவிட இரண்டு வயசு குறைச்சல். கண் சரியில்லை, நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் போனைத் திட்டுங்கள்.

சுதந்திரம் வந்த புதிதில் பெரம்பலூரில் ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் பிரசவ நர்ஸ், அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்.

பட்டாளம் கழித்துவிட்ட வண்டி, பக்கத்தில் சைடு கார். அதில் உட்கார்ந்துதான் ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கப் போவேன்.

அப்போது பெட்ரோலுக்கு ரேஷன். மாசத்துக்கு இவ்வளவு என்று கூப்பன். தீர்ந்தால் அடுத்த மாசம்தான்.

அதை அண்ணன் செலவழித்த விதம் இருக்கிறதே... கஞ்ச மகாபிரபு! இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவார். தூரத்தில் மாட்டுவண்டி தெரிந்தாலே ஆக்ஸிலேட்டரைத் தளர்த்திவிடுவார், பிரேக்கைத் தொட மாட்டார்.

"பிரேக் போட்டா அதுவரைக்கும் எரிச்ச பெட்ரோல் வீணுங்க நர்ஸம்மா" என்பார்.

கிளம்பும் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். காற்று கம்மியென்றால் கலெக்டரே வந்தாலும் வண்டி நகராது.

என் இரும்புப் பெட்டியை ஒருநாள் ஆஸ்பத்திரித் தராசில் வைத்து நிறுத்துவிட்டு, துணிப்பைக்கு மாறச் சொன்னார். என்னையும் ஏறி நிற்கச் சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை... ஆனால் பார்த்தார்.

இப்படி மிச்சம் பிடித்ததை ஒரு பெரிய மருந்து பாட்டிலில் ஊற்றி, சைடு கார் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். அவசரத்துக்கு. டாக்டருக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது, வண்டி துடைக்க வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை, ஆஸ்பத்திரியைப் பார்க்கப் பெரிய ஆபீசர் வருகிறார் என்றார்கள். என் வெள்ளைப் புடவை இரண்டிலும் செயின் கிரீஸ். பெட்ரோல் போட்டால் போகும் என்று யாரோ சொல்ல, அந்த பாட்டிலை எடுத்து முழுசையும் ஊற்றித் தேய்த்தேன்.

கறை போய்விட்டது. காலி பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில், ரஞ்சன்குடியிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தது. மாசக் கடைசி. அண்ணன் டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். போவதற்கு இருக்கிறது, திரும்பும்போது பாதி வழி வரும், மீதிக்குக் கையிருப்பு இருக்கிறது என்றார். எந்தக் கையிருப்பு என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

போனால்... தலைச்சன் பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது. என் கையால் ஆகிற காரியமில்லை. டாக்டரிடம் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் மிஞ்சும், மாட்டுவண்டியில் போனால் தாங்காது.

அந்தப் பெண்ணை ஏற்றுவதற்கு முன் அண்ணன் சீட்டைத் தூக்கி பாட்டிலை எடுத்தார். ஆட்டிப் பார்த்தார்.

"நாந்தாண்ணே... புடவ கறைக்கு ஊத்திட்டேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

திட்டுவார் என்று நின்றேன். என் புடவையை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார்.

"நல்லாத்தான் வெளுத்திருக்கு. பின்னால ஏறுங்க."

பாதி வழிக்கான பெட்ரோலில் முழு வழியும் வந்தோம்.

மேடு வந்தால் இன்ஜினை நிறுத்திவிடுவார். அந்தப் பெண்ணின் புருஷனும் பங்காளிகள் நாலு பேரும் கூடவே ஓடிவந்து தள்ளினார்கள். வாலிகண்டபுரத்தில் அவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட, வயலில் நின்றவர்களை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டார். "மாமா, ஒரு கை குடுங்க." ஒருத்தர் மாட்டேன் என்று சொல்லவில்லை. நானும் இறங்கித் தள்ளினேன்.

இறக்கத்தில் வண்டி தானாக உருண்டது. சமதரையில் மட்டும் இன்ஜின், அதுவும் ஒரே சீராக, ஏற்றாமல் இறக்காமல். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் மறுபடி குச்சியை விட்டார். நுனி இன்னும் ஈரமாக இருந்தது. அந்த மனுஷனை அன்றைக்குக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

தாய் பிழைத்தாள். பெண் குழந்தை, அதுவும் பிழைத்தது.

சாயங்காலம் டாக்டர் கேட்டார், பாட்டில் என்ன ஆச்சு, ஏன் இவ்வளவு நேரம் என்று. அண்ணன், "கை தவறிக் கொட்டிட்டேங்க" என்றார்.

நான் அதே வெள்ளைப் புடவையில் பக்கத்தில் நிற்கிறேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம்...

டாக்டர் சாவியை வாங்கிக்கொண்டார். வேறொருவர் ஓட்டினார். பாதி மாசம்கூடத் தாண்டவில்லை, கூப்பன் காலி! டாக்டரே சாவியைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தார்.

ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. பெட்ரோலைக் கொட்டினவர் என்று பெரம்பலூரில் ரொம்ப காலம் கேலி பேசினார்கள். ஒரு சொட்டுக்கு உயிரை விடுகிற மனுஷனை.

கல்யாணமாகி நான் அரியலூர் வந்துவிட்டேன். எழுபது வயசுக்கு மேலும் மொபெட்டில் என்னைப் பார்க்க வருவார். ரயில்வே கேட்டில் மொத்தக் கூட்டமும் உறுமிக்கொண்டு நிற்கும், அவர் வண்டி மட்டும் அணைந்திருக்கும்.

ஒரு தடவை, உங்கள் மகனிடமாவது உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"நான் செத்த பெறகு சொல்லிக்கலாம். இப்ப சொன்னா டாக்டர் ஒங்களத்தான் கோவிச்சுக்குவாரு."

டாக்டர் போய்ச் சேர்ந்து அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது.

இன்று காலை மகன்தான் போனில் சொன்னார். அழுதுகொண்டே, நடுவில் சிரித்துக்கொண்டே... "அப்பா வாழ்நாள்ல கை தவறுனது அந்த ஒரு பாட்டில்தாங்க அத்தை" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

தம்பி, உங்கள் அப்பா ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை. ஊற்றியது நான்.

எடுப்பதற்கு முன்னால் இதை அங்கே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிடுங்கள்.

போயிட்டு வாங்கண்ணே.