கால் பட்டதும் குனிகிற கை

இங்கே என் கழுத்தைப் பிடிக்க வருகிறவர் முதலில் என்னைக் குனிந்து வணங்குகிறார். நானும் வணங்குகிறேன். அதற்கப்புறம்தான் பிடிக்கிறார். ஜப்பானுக்கு வந்து ஆறு வருஷமாகியும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை. எங்கள் குடவாசல் பக்கம் அடிக்கிறவன் கும்பிட்டுவிட்டு அடிப்பதில்லை.

என் வீட்டுக்காரர் இங்கே ஓர் இந்திய ஓட்டலில் சமையல் செய்கிறார். நான் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் நிற்கிறேன். பத்தாவது வரைதான் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவாமிமலை முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு ஜூஜுட்சு வகுப்புக்குப் போகிறேன். ஆளைச் சாய்த்துப் போடுவது, மணிக்கட்டையும் முழங்கையையும் திருப்பிப் பூட்டுவது என்று இந்த நாட்டின் பழைய தற்காப்பு வித்தை அது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற வயதில் எனக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். என் தங்கை செல்விக்காகத்தான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஒருநாள் வீடியோ காலில் வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசினாள். “கையை எடுத்துக் காட்டுடி” என்றேன். “பம்புசெட்டுல வழுக்கிட்டேன்க்கா” என்று சொல்லிக்கொண்டே காட்டினாள். வழுக்கி விழுந்த கையில் நாலு விரல் பதிந்த கன்றல் எப்படி வரும்? மறுவாரமே வகுப்பில் சேர்ந்தேன். கற்றுக்கொண்டுபோய் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வேறு எண்ணம் எனக்கு இல்லை.

இந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டு தாங்க முடியாமல் போனால், எதிராளி உடம்பிலோ பாயிலோ இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டிய நொடியே பிடித்தவர் விட்டுவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. வகுப்பில் என்னோடு ஜோடி சேர்ந்து பயிற்சி செய்கிற ஹருகோ, பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண். அவள் காலை என் காலால் வாரிவிடும்போதெல்லாம் என் கை தானாகக் குனிந்து அவளைத் தொடும், கண்ணில் ஒற்றிக்கொள்ளும். மனுஷர் மேல் கால் பட்டால் வேறென்ன செய்வது? நான் தோல்விக்குத் தட்டுகிறேன் என்று நினைத்து அவள் பதறி எழுந்திருப்பாள். கற்றுக்கொடுக்கிற சென்செய் ஓடிவந்து, “எங்கே வலிக்கிறது?” என்பார். வலி இல்லை, அவளுக்குள்ளே சாமி இருக்கிறது, கால் பட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் சொன்னேன். அவர், “ஜெயித்த பிடியை முதலில் விடாதீர்கள். சாமியிடம் பிறகு பேசலாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

போன தை மாதம் லீவில் செல்வி வீட்டுக்குப் போனேன். சம்பா அறுவடை. அறுப்பு மெஷின் வயலில் ஓடிக்கொண்டிருந்ததால் மாப்பிள்ளை குமார் வீட்டில் இல்லை. மாட்டுக்கொட்டகையில் வைத்து, பிடிக்கிறவன் கட்டைவிரல் பக்கமாக நம் கையைத் திருகி உருவுவதைச் செல்விக்குக் காட்டினேன். “கன்னுக்குட்டி கயித்த உருவிக்கிட்டு ஓடுமே, அதானேக்கா இது?” என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மதியம் அவன் வந்தான். ரசத்தில் உப்பில்லையாம். “ஜப்பான் அண்ணி வந்தா உப்புக்குக்கூட லீவு போல” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்து முறுக்கினான். செல்வி உருவிவிட்டாள். அவள் கை வெளியே வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. அவன் கையை ஓங்கிக்கொண்டு மறுபடி பாய்ந்தான். நான் குறுக்கே போய் அவன் மணிக்கட்டைத் திருப்பினேன், காலை வாரினேன். முற்றத்தில் மல்லாந்து விழுந்தான். மணிக்கட்டு என் பிடியில்தான் இருந்தது. அப்படியே எழுப்பித் தெருவுக்கு நடத்தியிருக்கலாம். நாலு பேர் பார்த்திருப்பார்கள். செல்வியைக் கையோடு பஸ் ஏற்றியிருக்கலாம். ஆனால் என் கால் அவன் முழங்காலில் பட்டிருந்தது. பிடியை விட்டேன். குனிந்து அவனைத் தொட்டேன், கண்ணில் ஒற்றினேன்.

“பாத்தீங்களா, எம் புள்ள கால்ல வுழுந்துட்டா!” என்று வாசற்படியில் நின்ற அவன் அம்மா தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அவன் எழுந்தான். என்னைத் தொடவே இல்லை. தூணோரம் ஒதுங்கி நின்ற செல்வியைத்தான் பிடித்தான். கட்டைவிரல் பக்கம் இந்தத் தடவை அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய இன்னொரு கை தூணைப் பட்பட்டென்று அடித்தது. எனக்கு அதன் அர்த்தம் தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? நான் போய்ச் சேர்வதற்குள் அவள் முழங்கையில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டுவிட்டது.

கும்பகோணம் ஆஸ்பத்திரியில் செல்வியே முந்திக்கொண்டு, “பம்புசெட்டுல வழுக்கிட்டேன் டாக்டர்” என்றாள். எங்கூட வந்துடு என்று கெஞ்சினேன். “நீ பிளேன் ஏறிடுவ. எம் புள்ளைங்க அங்கதானே இருக்கு” என்றாள். எந்தக் கோயிலில் வைத்து நான் இதைச் சொல்லி அழ? லீவு முடிந்தது. பிளேன் ஏறினேன்.

இப்போது இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். வலது கை நீள்வதில்லை. “இன்னும் அந்தக் கிளாசுக்குப் போறியாக்கா?” என்றாள் நேற்று. போகிறேன் என்றேன். “காலு பட்டா?” என்றாள்.

இந்த ஞாயிறு ஹருகோவை வாரிப் போட்டேன். குனியப் போன இடது கை பாதியில் நின்றது. வலது கை அவள் மணிக்கட்டைப் பூட்டியபடி இருந்தது. அவள் தட்டினாள். இரண்டு முறை, பிறகு மூன்று, நான்கு. சென்செய் ஏதோ கத்தினார். எனக்குக் கேட்டது தூணில் பட்ட கைதான். விட்டபோது ஹருகோ எழுந்து உட்கார்ந்து, கையைத் தடவிக்கொண்டே முதல் தடவையாக என்னைப் பயந்து பார்த்தாள். மன்னிப்புக்கு இங்கே தலை குனிய வேண்டும், அங்கே தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும். தொடப் போனேன், அவள் தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்தரத்தில் நின்ற கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாயில் உட்கார்ந்திருந்தேன்.