குதிகாலுக்கு என்று சொன்னவர்

பேருந்துப் பணிமனையில் அந்த நடத்துநருக்கு மைக்செட் என்று பெயர். பின்படியில் நின்று ஒரு குரல் விட்டாரென்றால், முன் இருக்கையில் தூங்குகிறவன் இறங்கவேண்டிய இடம் போய்விட்டதோ என்று பதறி எழுவான். மாமனார் வீட்டில்கூட, வாயுள்ள மனுஷன், எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வார் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

நாற்பதை நெருங்கும்போதுதான் அவருக்கு முதல் குழந்தை பிறந்தது, பெண். பத்தொன்பதாம் நாள் மத்தியானம் மனைவி அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். பால் கொடுத்துக் கொடுத்து முலைக்காம்பு வெடித்திருந்தது. குழந்தை வாய் வைத்தால் உயிர் போய் உயிர் வந்தது.

"நர்ஸம்மா லனோலின்னு ஒரு களிம்பு சொன்னாங்க. பால் குடுக்கிறவங்களுக்குன்னு சொல்லிக் கேளுங்க, மறந்துடாதீங்க."

"இதுல மறக்க என்ன இருக்கு?" என்று செருப்பை மாட்டினார்.

மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டு போட்ட இளம் பெண் ஒருத்தி நின்றாள். வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத மருந்தாளுநர். அவர் "லனோலின்" என்று சொன்ன அதே நேரம், பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. டிக்கெட் பரிசோதகர். கூடவே பணிமனை ஆட்கள் இரண்டு பேர்.

"என்ன மைக்செட், உடம்புக்கு என்ன?"

அந்தப் பெண்ணும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். "எதுக்கு சார்? லனோலின் போட்டு நிறைய களிம்பு வருது. உதட்டுக்கா, குதிகாலுக்கா, இல்ல பால் குடுக்கிற..."

"குதிகாலுக்கு" என்றார் அவசரமாக. காது மடல் சுட்டது.

அவள் ஒரு பெட்டியை எடுத்துவந்து, "கால்ல மட்டும் போடுங்க. புண்ணுல படக்கூடாது" என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

தெருமுனையில் பெட்டியைப் பார்த்தார். அதில் ஒரு பாதத்தின் படம். திரும்பிப் போகலாம்தான். ஆனால் பரிசோதகர் இன்னும் கடையிலேயே நின்றிருந்தார். எதுக்குப் போட்டால் என்ன, லனோலின் லனோலின்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பெட்டியைக் கிழித்துச் சாக்கடை ஓரம் போட்டார். குழாயில் லனோலின் என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. மற்றதெல்லாம் எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்து.

அதில் தடித்த தோலை உரிக்கிற மருந்தும் கலந்திருந்தது. மனைவி தடவிய இரண்டாம் நிமிடம் அலறினாள். குழாயடிக்கு ஓடி நாலு தரம் கழுவியும் எரிச்சல் அடங்கவில்லை. பசியில் குழந்தை வீறிட்டது. பிழிந்தெடுத்த பாலை, பேறுகாலத் துணைக்கு வந்திருந்த மனைவியின் அக்காதான் கரண்டியால் புகட்டினார்.

"கடையில என்னன்னு சொல்லிக் கேட்டீங்க?" என்றாள் மனைவி, முகமெல்லாம் வியர்த்து.

"நீ சொன்ன மாதிரியேதான் கேட்டேன். அந்தப் பொண்ணு மாத்திக் குடுத்துடுச்சு."

எப்படி வந்தது அந்தப் பேச்சு என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா களிம்புக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். "வாங்க தம்பி, நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்." நடத்துநர் மழுப்பிப் பார்த்தார், நடக்கவில்லை. வேறு வழியில்லாமல் பின்னால் நடந்தார்.

அக்கா போட்ட சத்தத்தில் கடை முதலாளி உள்ளேயிருந்து வந்துவிட்டார். அந்தப் பெண் வெளிறிப்போய் நடத்துநரைப் பார்த்தாள்.

"சார், நீங்க குதிகாலுக்குன்னுதானே கேட்டீங்க?"

அவர் எடை பார்க்கும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செஞ்சதும் இல்லாம, வந்தவரையே பொய்யாக்குறியா?" என்று முதலாளி எகிறினார். "கோட்டைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு."

அவள் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள். மூன்றாவது பித்தான் நூலில் சிக்கிக்கொண்டது. அதை அவள் இழுத்து இழுத்துப் பார்த்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அவங்க மேல தப்பில்லைங்க" என்றார். "நான்தான் குதிகால்னு சொன்னேன். ஆளுங்க நின்னாங்க... கேக்க வெக்கமா இருந்துச்சு."

முதலாளி சங்கடமாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண் கழற்றியதை மறுபடி போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து சின்னக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவிடம்தான் பேசினாள்.

"இது சுத்தமான லனோலின். ஆட்டு ரோமத்துல ஊறுற மெழுகு, மழைத்தண்ணி ஆட்டுத் தோல்ல இறங்காமக் காக்கும். ரோமத்தக் கழுவும்போது பிரிச்செடுத்து சுத்தம் பண்ணுவாங்க. சில லிப்ஸ்டிக்லகூட இது இருக்கும். தோல்ல ஈரம் போகாமப் பிடிச்சு வெக்கும். மொதல்ல எரிச்சல் அடங்கட்டும், டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. அப்புறம் பட்டாணி அளவு எடுத்து, விரல்லயே தேச்சு இளக்கிப் போடச் சொல்லுங்க. பால் குடுக்க முன்னாடி துடைக்கணும்னு இல்ல."

வழியில் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "வீட்டுல அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க தம்பி."

சொன்னார். நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல், கிழித்துப்போட்ட பெட்டியையும் சேர்த்து. மனைவி குழந்தையை மடியில் கிடத்திவிட்டுக் கேட்டாள்.

"உங்க பொண்ணு சாப்பிடுற இடம் அது. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சா உங்களுக்கு?"



புண் ஆற எட்டு நாள் ஆனது. ஒரு வாரம் கழித்துக் கடைக்குத் தனியாகப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல சார்" என்றாள். பிறகு, "இன்னும் ரெண்டு நிமிஷம் நீங்க பேசாம இருந்திருந்தா நான் தெருவுக்குப் போயிருப்பேன்" என்றும் சொல்லிவிட்டு அடுத்த ஆளின் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள். பரவாயில்லை என்றதைவிட அதுதான் அவர் மனதில் தங்கியது.

புண் ஆறும்வரை, வீட்டில் மனைவி அந்தக் களிம்பை விரலில் இளக்கும்போதெல்லாம் அவர் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவார். ஒரு நாள் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க ஓடுறீங்க? உக்காருங்க. இவளப் பிடிங்க."

குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவியை நிமிர்ந்து பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.