கால் வந்தது, பஞ்சு வரவில்லை

எங்கள் சமையலறை இழுப்பறையில் காகித அளவுகோல் ஒன்று கிடக்கிறது. தடித்த கறுப்பு எண்கள், ஸ்டேப்ளர் பின் பிய்ந்த ஓட்டைகள். பேர்லேண்டில் நாங்கள் வாங்கிய புது வீட்டின் ஆட்டிக்கில், அதாவது கூரைக்கும் மாடி அறைகளின் சீலிங்குக்கும் நடுவே உள்ள இருட்டுப் பொந்தில், மரச்சட்டத்தில் அடித்திருந்தது அது. டெக்சாஸ் வெயில் அறைக்குள் இறங்காமலிருக்க அங்கே பஞ்சை ஊதி நிரப்புவார்கள். எவ்வளவு உயரம் என்று கட்டட விதி சொல்லும். நிரப்பியதற்குச் சாட்சி இந்த அளவுகோல். அதன் எண்கள் ஏணி வாசலைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பதும் விதிதான். நகராட்சி ஆய்வாளர் உள்ளே தவழ வேண்டாம். ஏணியில் நின்று டார்ச் அடித்துப் படித்துவிட்டு இறங்கலாம். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். காவல்காரன் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று கள்ளனுக்கே சொல்லிக் கொடுத்த நல்ல எண்ணம். எங்கள் வீட்டைக் கட்டியவர்கள் ஏணியைச் சுற்றி மலைபோலப் பஞ்சைக் குவித்தார்கள். டார்ச் வெளிச்சம் எட்டாத கோடி மூலையில் கையை உதறிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மூலைக்கு நேர் கீழே உள்ள அறையில்தான் என் மாமியாரைத் தங்க வைத்தோம்.

அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கரூரிலிருந்து மகளின் முதல் பிரசவத்துக்கு வந்தவர். இரண்டு பெட்டிகளில் லேகியச் சாமானும், குழந்தைக்கென்று துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கிய வேட்டித் துணிகளும் கொண்டு வந்திருந்தார். நான் ஹாலுக்குள் நுழைந்தால் சோபாவிலிருந்து எழுந்துவிடுவார். அவர் உட்கார்ந்திருக்கட்டும் என்று என் சொந்த வீட்டில் நான் சமையலறை வழியாகத் திருடன் போலப் பதுங்கிப் போவேன். மாப்பிள்ளை வீட்டில் குறை சொல்லக் கூடாது என்பது அவருக்கு ஊறிப்போன சட்டம். நகரத்தின் கட்டட விதியைக் கட்டியவன் மதிக்கவில்லை. கரூரின் விதியை அவர் ஒரு நாளும் மீறவில்லை. "ரூம் எப்படி இருக்குங்க அத்தை?" என்று கேட்டால், "அதுக்கென்னங்க மாப்ள, சவுரியமா இருக்குதுங்க" என்பார். ஆகஸ்ட் மாதம் அது. கீழே ஏசி கருவி குளுகுளுவென்று எண் காட்டிக்கொண்டிருந்தது. மேலே அவர் வெந்துகொண்டிருந்தார்.

ஒரு மதியம், நிறைமாதத்தை நெருங்கிய என் மனைவி மாடியேறிப் போனபோது அவர் தரையில் விழுந்து கிடந்தார். நான் அவசர எண்ணுக்குப் போன் போட்டேன். விலாசம் கேட்டார்கள். கரூர் வீட்டின் கதவு எண், தெருப் பெயர், பின்கோடு எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மனைவி போனைப் பிடுங்கியிராவிட்டால் ஆம்புலன்ஸ் இன்னும் காவிரிப் பாலத்தில் வழி கேட்டுக்கொண்டிருக்கும். அத்தை பிழைத்தார். சூட்டில் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, அந்த அறையில் மனிதர் இருக்கக் கூடாது, குழந்தையை அங்கே கொண்டுபோகவே கூடாது என்றார் டாக்டர். ஏசிக்காரர் வந்து பார்த்து ஏசியில் கோளாறே இல்லை என்றார். பில்டரின் சூப்பர்வைசர் வந்தார். ஏணியில் ஏறித் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். அளவுகோல் கழுத்துவரை பஞ்சில் புதைந்திருந்தது. எல்லாம் விதிப்படி இருக்கிறது, ஆய்வாளரே பாஸ் செய்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை நானே ஏறினேன். முகமூடி, முழங்கால் கவசம், கையில் டார்ச், வாயில் கந்த சஷ்டி. மரச்சட்டங்களின் மேல் மட்டுமே கால் வைக்க வேண்டும். நடுவில் இருப்பது வெறும் அட்டைப் பலகை. இது எனக்குத் தெரியும். ஆனால் கோடி மூலையை நெருங்கும்போது பிடரியை ஏதோ தடவியது. டெக்சாஸின் பாம்பு வகைகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. துள்ளினேன். தடவியது என் முகமூடியின் நாடா என்று புரிவதற்குள், என் வலது கால் சீலிங்கைப் பிய்த்துக்கொண்டு தொடைவரை இறங்கிவிட்டது. கீழே அத்தை, வேறு அறைக்கு மாற்றத் தன் புடவைகளை எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்கவே கூசுகிறவரின் தலைக்கு மேல் மாப்பிள்ளையின் கால் ஆடுகிறது.

"மாப்ளைங்களா?"

"ஆமாங்க அத்தை."

"அடி ஏதும் பட்டுதுங்களா?"

"மானத்துல மட்டுந்தாங்க."

தரையில் விழுந்த சீலிங் துண்டுகளை அவர் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "கால் மட்டுந்தானுங்க வந்துச்சு. பஞ்சு எங்கீங்க?"

விதி சொன்ன உயரத்துக்கு நிரப்பியிருந்தால் என் காலோடு ஒரு மூட்டைப் பஞ்சு அவர் தலையில் கொட்டியிருக்க வேண்டும். விழுந்தது ஒரு பிடி தூசி.

சூப்பர்வைசரை மறுபடி வரவழைத்தோம். அவர் ஓட்டையைப் பார்த்தார், ஆட்டிக்கைப் பார்த்தார், முகம் மலர்ந்தார். எங்கள் பெட்டிகள் கண்ணில் பட்டுவிட்டன. பரண் காலியாக இருந்தால் தமிழனுக்குத் தூக்கம் வருமா? ஏணிக்குப் பக்கத்தில் பலகை போட்டு, ஊரிலிருந்து வந்த காலிப் பெட்டிகளை எல்லாரையும் போல நாங்களும் அடுக்கியிருந்தோம். உங்கள் பாரத்தில் பஞ்சு நசுங்கிவிட்டது, பொறுப்பு உங்களுடையது என்றார். இரவெல்லாம் ஆங்கிலத்தில் ஆவேசமாக ஒத்திகை பார்த்திருந்த நான், திறந்த வாயோடு "சாரி" என்றேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "அம்மா, நீ சும்மா இரும்மா" என்றாள் என் மனைவி.

"நான் ஏன் சும்மா இருக்கோணும்? இவன் என்ன எனக்கு மாப்ளையா? கேளு கண்ணு அவன. பொட்டி இருக்கறது ஏணிகிட்ட. பஞ்சு இல்லாதது இந்தக் கோடியில. பொட்டி ராத்திரில நடந்து வந்து மிதிச்சுட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கிச்சாமா?"

மனைவி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். சூப்பர்வைசர் ஏணியைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், ஆள் அனுப்புவதாக முனகினார். நான் மேலே ஏறி அளவுகோலைப் பிய்த்துக்கொண்டு வந்தேன். சாட்சிக்கூண்டில் பொய் சொன்னதை அங்கேயே விட்டுவைக்க மனமில்லை.

ஆட்கள் வந்தது பல வாரம் கழித்து. அதற்குள் மச்சினன் போனில் அழுது, அம்மாவை ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டான். வேட்டித் துணிகளை அலமாரியில் மடித்து வைத்துவிட்டு, பேரன் பிறக்கும் முன்பே அத்தை கிளம்பினார். அதற்குப் பின் நீண்ட பயணத்துக்கு அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கடைசிவரை பேரனைப் போன் திரையில்தான் கொஞ்சினார். இப்போது அந்த அறையில் ஆகஸ்டிலும் போர்வை வேண்டும். என் மகன் அங்கே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. காசுக்கு வாங்கிய பஞ்சை ஒழுங்காக ஊதியிருந்தால், ஒரு ஆள் கொஞ்ச தூரம் தவழ்ந்து பார்த்திருந்தால், அவனுக்குப் போர்த்திவிடப் பாட்டி இருந்திருப்பார். கோபம் ஆறிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். அதை ஆறவிட எனக்கு உத்தேசமில்லை.

சென்ற மாதம் அடுத்த தெருவில் நண்பனின் கிரகப்பிரவேசம். வேறு பில்டர், புதுசாகத் திருத்திய விதி, ஆய்வாளர் பாஸ் செய்த வீடு. பால் பொங்கக் காத்திருந்த நேரத்தில் நான் பட்டுவேட்டியை மடித்துக்கட்டி, டார்ச்சோடு ஏணியேறிவிட்டேன். வாசலருகே அதே காகித அளவுகோல், எண்கள் என்னைப் பார்த்தபடி, கழுத்துவரை பஞ்சு. சட்டங்களின் மேலேயே தவழ்ந்து கோடி மூலைக்குப் போனேன். ஊரிலிருந்து வந்திருக்கும் நண்பனின் அம்மாவுக்கு ஒதுக்கிய அறை கீழே. கையை விட்டேன். மணிக்கட்டுகூட மறையவில்லை, விரல் பலகையில் தட்டியது.

கீழிருந்து நண்பன் கத்தினான்: "டேய், பால் பொங்கிடுச்சு! எறங்கு! பழையபடி கால கீல விட்ராத!"

டார்ச்சை ஏணிப் பக்கம் திருப்பினேன். அளவுகோல் வெள்ளையாக, நிமிர்ந்து, யோக்கியமாக நின்றது. நான் வேட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சட்டத்திலிருந்து வலது காலைத் தூக்கி, அட்டைப் பலகைக்கு நேராக நீட்டினேன்.