ஒழுகும் என்று எழுதிக் கொடுத்த குன்னத்து ஃபிட்டர்

2006 தை மாதம் அரியலூர், பெரம்பலூர் பக்கம் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அரியலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் லப்பைக்குடிகாட்டு சுல்தான் பாய் இரண்டு குழாய்களை போல்ட் இல்லாமல் இணைக்கும் ஒரு கப்ளிங் கண்டுபிடித்திருந்தார். அவர் சார்பில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த ஏஜென்ட் நான். ‘பழைய கப்ளிங்கும் பழைய ரப்பர் வளையமும் சேர்ந்ததுதானே, தொழில் தெரிந்த எவருக்கும் இது தோன்றும்’ என்று காப்புரிமை அலுவலக அதிகாரி எதிர்ப்பு எழுதிவிட்டார். பாயின் மூன்று வருட உழைப்பு வீணாகும் நிலை. தொழில் தெரிந்தவருக்கு என்ன தோன்றும் என்று சென்னையில் உட்கார்ந்து வாதாடுவானேன், அப்படி ஒருவரையே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

முதல் நாள் மாலை ரயிலில் அரியலூர். லாட்ஜ் வாடகை நூற்றைம்பது, கொசு இலவசம். காலை 7.10 பஸ்ஸில் பாயோடு பெரம்பலூர்: முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், பதினோரு ரூபாய். அங்கே குன்னம் பஸ் மாறினோம். “பாய், அங்க நீங்க வாயே தொறக்கக் கூடாது” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

குன்னத்தில் பைப் ஃபிட்டர் செல்லத்துரைக்கு இருபது வருட அனுபவம். ஒரு பருத்திக்காட்டு பம்புசெட்டில் பாயின் கப்ளிங்கை மாட்டி அசைத்துப் பார்த்தார்.

“என்னங்க இது, லொடலொடங்குது? போல்ட்டு போட்டு முறுக்குனாத்தான் நிக்கும். மோட்டார் போட்டா புடுங்கிக்கிட்டு ஒழுகும்.”

“அத அப்படியே எழுதிக் குடுங்களேன்” என்றேன். தேதி, நேரம் போட்டுக் கையெழுத்தும் வைத்தார். பாய் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பத்து மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் குழாயைப் பின்னுக்குத் தள்ள, உள்ளே சரிவாகக் கடைந்த பள்ளத்தில் ரப்பர் வளையம் நகர்ந்து தானாக இறுகியது. தள்ளத் தள்ள இறுக்கம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

செல்லத்துரை குனிந்து தடவிப் பார்த்து நிமிர்ந்தார். “ப்பூ, இவ்வளவுதானா! இது யாருக்குங்க தெரியாது?”

“யா அல்லாஹ்! இப்பத்தானங்க ஒழுகும்னு எழுதிக் குடுத்தீங்க?” என்று பாய் வெடித்தார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அதிகாரியும் இதையேதான் செய்திருந்தார். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கு எளிது என்றார்.

செல்லத்துரை முன்னே சொன்னது, பின்னே சொன்னது இரண்டையும் பெரம்பலூர் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரமாக்கினோம். சென்னை விசாரணையில் அதிகாரி அதை இரண்டு முறை படித்தார், சிரித்தார், எதிர்ப்பைக் கைவிட்டார். ஜெயித்தோம்!

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சிறுவாச்சூர் காளி கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், நான் புதன்கிழமை போய் அசடு வழிந்தேன். பம்புசெட் வேலை என்றால் கரண்ட் வரும் நேரத்தை முந்தின நாளே விசாரியுங்கள். முக்கியமாக, கருத்து கேட்பதாக இருந்தால் மோட்டார் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

செல்லத்துரைக்குப் போன் போட்டுச் செய்தி சொன்னேன். கொஞ்சம்கூட கூச்சப்படவில்லை மனிதர்.

“பின்ன? நான் மட்டும் அன்னைக்கு சரியாச் சொல்லியிருந்தா, பாய் கதி என்னாயிருக்கும்?”