எந்த லைன், மிஸ்?

யோகண்ணன் போய்விட்டாராம்.

காலையில் அவருடைய மனைவிதான் போன் பண்ணிச் சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி... "கரண்ட் அடிச்சா அக்கா?"

"இல்ல மிஸ், நெஞ்சு வலி. தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே சாஞ்சிட்டாரு."

கரண்ட் அடித்து இல்லை என்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்... சீ! என்ன மனுஷி நான்.

அப்போதிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீசுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

ராகலைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் நான் கிளார்க். வருஷத்துக்கு ஒருமுறை மெஷின்களுக்கு வரும் கரண்டைத் துண்டிக்கிற பிரேக்கரை டெஸ்ட் பண்ண வருவார் யோகண்ணன். டைமிங் பார்க்க ஒரு பெட்டி, இன்சுலேஷன் பார்க்க ஒரு பெட்டி. அவசரம் என்பதே கிடையாது.

எனக்குத்தான் அவசரம். மெஷின் நின்றால் மேனேஜர் கத்துவாரே!

"ஒரு கண் சிமிட்டுற நேரம் முன்ன பின்ன ஆனா என்னண்ணே?"

"பிரேக்கர் விழும்போது மூணு பேஸ் கரண்டும் ஒண்ணா கைய விடணும் மிஸ். ஒருத்தன் மட்டும் புடிச்சிக்கிட்டு நின்னா மோட்டர் எரிஞ்சிரும்."

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு உதவியாகக் கூடவே வரும் ஆள் அன்றைக்கு லீவு. மேலே பிரேக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணினார். "மிஸ், கீழ போயி லைன ஆஃப் பண்ணிருங்க."

கீழே கரண்ட் ரூமில் இரண்டு மெயின் சுவிட்ச் கைப்பிடி. ஒன்று பெக்டரிக்கு, ஒன்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு. தோட்டத்தில் லைன் என்றால் லயம்தானே... லயத்துக் கைப்பிடியை இழுத்துவிட்டு, "ஆஃப் பண்ணியாச்சுண்ணே" என்றேன்.

லயத்தில் டீவி நின்று, "எவன்டா கரண்ட நிப்பாட்டுனது?" என்று ஒரே சத்தம்.

மேலே வந்தால் யோகண்ணன் தரையில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை. கை வைக்கும் முன் டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். அதில் லைட் எரிந்திருக்கிறது, கரண்ட் நிற்கவே இல்லை.

"எந்த லைன மிஸ் நிப்பாட்டுனீங்க?"

"லயத்து லைன்தான்... நீங்க லைன்னுதானே சொன்னீங்க?"

டெஸ்டரைச் சட்டைப் பையில் சொருகினார். "நானும் லயத்துல பொறந்தவன்தான். எனக்குல்ல புத்தி இருந்திருக்கணும்."

ஏன் லேட் என்று மேனேஜர் கேட்டதற்கு, "பெட்டியில பேட்டரி எறங்கிருச்சு சார்" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவரிடம் ஒரு சாரிகூடச் சொல்லவில்லை.

இன்றைக்குப் போனை வைக்கும்போது அக்கா சொன்னார்... "ஒங்க பெக்டரின்னா பயமே இல்ல, அந்த மிஸ் பாத்துக்குவாங்கன்னு சொல்லுவாரு."

ஐயோ அண்ணே... வீட்டிலேயும் சொல்லவில்லையா?

நாளைக்குக் கந்தப்பளையில் எடுக்கிறார்கள். அக்கா பேஸ்புக் பார்க்கமாட்டார், இது அவர் கண்ணில் படாது. நேரில் சொல்வேனா, தெரியவில்லை.

இன்று டெஸ்ட் ஒன்றும் இல்லை. ஆனாலும் கீழே போய் அந்தக் கைப்பிடிகளை மூன்று தரம் பார்த்துவிட்டு வந்தேன்.

போயிட்டு வாங்க யோகண்ணே. மாத்தி இழுத்தது நான்தான்.

சாரிண்ணே.