கொடுத்தது யாருங்க?

என் வீட்டுக்காரர் அங்கமுத்துவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாப்பிடும்போது ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளர் அதிரும். கல்யாணமான புதிதில் உடம்புக்கு ஏதோ என்று பயந்தேன். அவர் பாஸ்கெட்பால் ஆடுவதை முதல் தடவை பார்த்த அன்றுதான் அந்தப் பயம் போனது. அங்கே அந்தக் கால்களுக்கு வேலை இருந்தது.

அவர் இருந்த பனியன் கம்பெனி ஒரு டீம் வைத்திருந்தது. பத்துப் பேர். பேருக்குப் பேக்கிங்கில் வேலை. நாலு மணிக்கு பிராக்டிஸுக்கு விட்டுவிடுவார்கள், சம்பளம் முழு ஷிப்டுக்கு வரும். குன்னத்தூரில் அண்ணன் தம்பிகளுக்குப் பிரித்தது போக அவருக்கு மிஞ்சிய வானம் பார்த்த காட்டில் ஆடு மேய்க்கலாம், அவ்வளவுதான். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் நாங்கள் வாடகைக்கு வீடு பிடித்தோம், மகள் பிறந்தாள்.

ஆட்டத்தில் அவர் செய்ததைச் சொல்வது கஷ்டம். எதிராளியை மறித்து நிற்பார். வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தைக் கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பிடிப்பார். பிடித்த பந்தைத் தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிடுவார். அவன் போடுவான், கூட்டம் கைதட்டும். டீமில் அவருக்குக் 'கைமடி' என்று பட்டப்பெயர். டெய்லர் தைக்கத் தைக்கப் பக்கத்தில் இருந்து துணியை மடித்துக் கொடுப்பவருக்குத் திருப்பூரில் அதுதான் பெயர். தைத்த பீஸ் டெய்லர் கணக்கில்தான் ஏறும். "கைமடி வந்துட்டாருங்கோ" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார்.

தொண்ணூற்றிரண்டில் முதலாளியின் அக்கா மகன் ஞானசம்பந்தம் மானேஜராக வந்தார். கெட்டவர் இல்லை. எல்லா இடத்திலும் செலவைக் குறைக்கச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள். டெய்லர்களுக்கு ஷிப்டுக்கு எத்தனை பீஸ் என்று பார்த்த அதே கையோடு டீமின் ஸ்கோர் ஷீட்டுகளையும் வாங்கிப் பார்த்தார். அதில் இருந்தது இரண்டே விவரம்: யார் எத்தனை பாயிண்ட், யார் எத்தனை ஃபவுல். என் வீட்டுக்காரர் பேருக்கு நேரே ஃபவுல்தான் நிறைய இருந்தது.

பத்துப் பேரில் ஒருவர் அதிகம் என்று ஞானசம்பந்தம் சொன்னார். தைப்பூசத்தை ஒட்டி நடக்கும் டோர்னமெண்டில் யார் எல்லோரையும்விடக் குறைவாகப் பாயிண்ட் எடுக்கிறாரோ அவர் டீமிலும் இல்லை, கம்பெனியிலும் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் டம்ளர் மட்டுமல்ல, தட்டும் அதிர்ந்தது. நடுவில் எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். மகள் பின்னாலேயே தவழ்வாள்.

டீமில் இளையவன் குமாரவேல். வேகமான பையன், நன்றாகப் பந்து போடுவான். முதல் ஆட்டத்தன்று சைக்கிளை நிறுத்திவிட்டு அவரிடம் சொன்னானாம்: "இந்த டோர்னமெண்டுக்கு நானுங்க கைமடி. நீங்க டெய்லருங்கண்ணா. தெச்சுத் தள்ளுங்க."

அப்படியே செய்தான். மூன்று ஆட்டத்திலும் அவன் கைக்கு வந்த பந்தெல்லாம் என் வீட்டுக்காரரைத் தேடிப் போனது. முதலில் தயங்கினார், பிறகு போட்டார். கடைசி ஆட்டத்தில் பதினாலு பாயிண்ட். கப்பும் கிடைத்தது. மறுநாள் பேப்பரில் 'அங்கமுத்து 14' என்று வந்திருந்தது. நான் அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முழங்கால் ஆடாமல் சாப்பிட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

திங்கட்கிழமை போர்டில் ஒட்டிய பேர் குமாரவேல்.

அவரைக் கடைசியிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்று மட்டும்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடைசி இடம் காலியாக இருக்காது என்று பத்துப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் நேராக மானேஜர் ரூமுக்குப் போயிருக்கிறார். அந்தப் பாயிண்ட்டில் பாதிக்கு மேல் குமாரவேல் கொடுத்த பந்து என்று சொல்லியிருக்கிறார். ஞானசம்பந்தம் டீ வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு ஷீட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாராம்.

"குடுத்ததுக்கு இதுல கட்டம் இல்லீங்களே, அங்கமுத்து. நான் மாமாகிட்ட எதைக் காட்டறது?"

"அப்ப எம் பேரை எடுத்துருங்க. அந்தப் பையன் இருக்கட்டும்."

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார். வந்து என்னிடம் சொன்னார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அரிசி களைந்தேன். எவ்வளவு நேரம் களைந்தேன் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே குமாரவேல் வந்தான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, சைக்கிளை விட்டு இறங்கவும் இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கத்தினான்.

"ஏனுங்கண்ணா, இதுக்கா மூணு ஆட்டமா உங்களுக்குப் பந்து குடுத்தேன்? உங்கூட்டுல கொழந்தை இருக்குதுங்க."

"நீ குடுத்தப்ப நான் வாங்குனனில்ல? இப்ப நீ வாங்கு."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். மறுநாள் வேலைக்குப் போயிருக்கிறான்.

என் வீட்டுக்காரருக்குக் காதர்பேட்டையில் ஒரு குடோனில் பண்டல் கட்டும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, நான் குழந்தைகளுக்கு டியூஷன் எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் பந்தைத் தொடவில்லை. ஆனால் குமாரவேல் ஆடும் ஆட்டம் ஒன்றையும் விடவில்லை. கேலரியில் உட்காராமல் எல்லைக் கோட்டை ஒட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். யாராவது பந்தைப் போட்டுக் கூட்டம் கைதட்டினால் ஸ்கோர் எழுதுபவர்களைப் பார்த்துக் கேட்பார்: "கொடுத்தது யாருங்க?"

முதலில் முறைத்தார்கள். பிறகு அது மைதானத்தில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் பசங்கள் கோரஸாகக் கேட்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. யாராவது உண்மையாகவே பதில் சொன்னால் தலையாட்டிவிட்டு நடப்பார்.

சென்ற ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். முப்பத்தொன்பது வயது. ஆட்டோவில் அவர் கால்கள் என் மடியில் இருந்தன. அவை நின்றதை நான்தான் முதலில் உணர்ந்தேன்.

இந்த வருஷ டோர்னமெண்டுக்குக் குமாரவேல் வந்து கூப்பிட்டான். அவன் இப்போது கோச். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன், மகள் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கும் உட்காரப் பிடிக்கவில்லை. அவர் நடந்த கோட்டை ஒட்டி நின்றேன். ஒரு பையன் தூரத்திலிருந்து பந்தை எறிந்தான். வளையத்தில் படாமல் உள்ளே இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். தண்ணீர் டிரம் பக்கத்திலிருந்து எவனோ ஒருவன் பழக்கத்தில் கத்தினான்.

"கொடுத்தது யாருங்க?"

சிலர் சிரித்தார்கள். சிலர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள். குமாரவேல் தலையைத் திருப்பிக்கொண்டான். மகள் என் கையை இழுத்து, "யாரும்மா குடுத்தது?" என்றாள்.

நான் பார்க்கவில்லை. எல்லோரையும் போல நானும் வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த பந்துக்குப் பார்க்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.